நெல்லிக்காய்க்குள் மிச்சமிருந்த தண்ணீர்

ஜாமுக்கும் மார்மலேடுக்கும் முரப்பாவுக்கும் என்ன வித்தியாசம் என்று என்னிடம் முதன்முதலில் கேட்டது எங்க அய்யாதான். நயினார்கோவில் பக்கத்தில் எங்கள் மிளகாய்க் கொல்லையில் நின்றபடி போனில் கேட்டார். எனக்கு வேலை கிடைத்த முதல் வாரம் அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேலே போய் உணவுப் பதப்படுத்தலில் பட்டமும் வாங்கிவிட்டு, புதுமடத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் நடக்கிற சின்ன ஜாம் யூனிட்டில் சேர்ந்திருந்தேன்.

"ஜாம்னா பழத்தை மசிச்சு, சீனி போட்டுக் கிண்டுறது அய்யா. மார்மலேடுன்னா நார்த்தங்காய், ஆரஞ்சு மாதிரி பழத்தைத் தோலோட சேர்த்துக் காய்ச்சுறது. தோலு சின்னச் சின்னக் கீத்தாத் தெரியணும். முரப்பான்னா பழம் உடையவே கூடாது. முழுசாப் பாகுல ஊறணும்."

"எல்லாம் இனிப்புத்தானேலே?"

"இனிப்புத்தான்."

"அப்புறம் என்ன வித்தியாசம்? மூணு வருசம் படிச்சிருக்கே, ஒழுங்காச் சொல்லு."

சிரித்துவிட்டு போனை வைத்தேன். உண்மையில் அவருக்குச் சொல்ல வேண்டிய வித்தியாசம் எனக்கே அப்போது தெரிந்திருக்கவில்லை. புத்தகத்தில் இருந்தது, படித்தேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். தெரிந்துகொண்டது அதற்கு ஏழெட்டு மாதம் கழித்து, மதுரை ரோட்டில் ஒரு காருக்குக் குறுக்கே போய் நின்றபோதுதான்.

யூனிட்டை நடத்துகிறவரை லாத்தா என்று கூப்பிடுவோம். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு அதுதான் பெயர். அவருடைய வீட்டுக்காரரை நான் பாய் என்பேன். ஷார்ஜாவில் ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பராகப் பல வருடமாக இருக்கிறார். இரண்டு மாத லீவில் வந்திருந்தார். திரும்பிப் போகும்போது தன் ரூமில் இருக்கிறவர்களுக்கு நாங்கள் செய்வதை எல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. கொய்யா ஜாம் நான்கு பாட்டில், நார்த்தங்காய் மார்மலேடு நான்கு, நெல்லிக்காய் முரப்பா ஆறு.

"மத்ததெல்லாம் அங்கன கடையிலயே கிடைக்கும் தம்பி" என்றார். "முரப்பாதான் முக்கியம். காய் முழுசா, உருண்டையா இருக்கணும். ஒரு காயை எடுத்து அவனுக கையில வச்சா, ஊரு ஞாபகம் வரணும்."

அந்த ஊரில் யாராவது சபர் போகிறார் என்றால், வெளிநாட்டுப் பயணத்தை அப்படித்தான் சொல்வார்கள், ஒரு வாரத்துக்கு முன்பே அட்டைப்பெட்டி கட்டிவிட வேண்டும். தெருவில் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மகனுக்கு, மருமகனுக்கு என்று கருவாடு, பொடி, மருந்து, கைலி எல்லாம் வந்து சேரும். எடை போட்டு, பங்கு பிரித்து, டேப் ஒட்டி, நைலான் கயிறு சுற்றி, மேலே மார்க்கரில் பெயர் எழுதி வைத்துவிடுவார்கள். கட்டிய பெட்டியைப் பிரிக்க மாட்டார்கள். நெல்லிக்காய் எங்களுக்கு வந்து சேர்ந்ததோ, பெட்டி கட்டுவதற்கு மூன்றே நாளுக்கு முன்புதான்.

மூன்று நாளில் முரப்பா ஆகாது. காயை முள்ளால் குத்தி, வேகவைத்து, முதலில் தண்ணிப் பாகில் போட்டு, தினமும் பாகை வடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்கிக்கொண்டே போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாள் பிடிக்கும். இது எனக்குத் தெரியும். ஆனால் என்னிடம் மீட்டர் இருந்தது. சீனியின் அளவைப் பார்க்கிற சின்னக் குழாய் அது. ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தைப் பார்த்தால், உள்ளே நீலமும் வெள்ளையும் சேர்கிற கோட்டில் நம்பர் தெரியும். எங்களோடு காய் நறுக்குகிற அக்கா அதற்கு ஒத்தக்கண்ணு என்று பெயர் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பாகில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். அறுபத்தெட்டு. ஜாமுக்கு எந்த நம்பரில் அடுப்பை அணைப்பேனோ அதே நம்பர்.

"அறுபத்தெட்டு வந்திருச்சு லாத்தா. அடைச்சிறலாம்."

"அதுக்குள்ளயா?"

"மீட்டர் சொல்லுதே."

மீட்டர் சொல்கிறது என்றால் அந்த வீட்டில் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஏழு பாட்டில் அடைத்தோம். ஆறு பெட்டிக்குப் போனது. ஒன்றை வழக்கம்போல அலமாரியில் வைத்தேன். ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் ஒரு பாட்டிலை நம்மிடமே நிறுத்திவைக்க வேண்டும் என்பது கல்லூரியில் பழகியது. அக்கா அதையும் விட மாட்டாள். "யாருக்கு இந்தப் படையல்? உங்க ஊரு முனிக்கா?" என்பாள்.

பாய் கிளம்புகிற அன்றைக்கு நான் காலை பஸ்சைத் தவறவிட்டதால் பைக்கில் போனேன். போய்ச் சேரும்போது ஒன்பது மணி. கார் கிளம்பி அரைமணி நேரம் ஆகியிருந்தது. வாசலில் தெளித்த தண்ணீர்கூடக் காயவில்லை. லாத்தா முகம் கழுவிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். அழுதிருப்பார். நான் சத்தம் போடாமல் பின்கட்டுக்குப் போய், அன்றைய வேலைக்காகச் சீனி டப்பாவை எடுக்க அலமாரியைத் திறந்தேன்.

முரப்பா பாட்டிலின் மூடி மேலே புடைத்திருந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. விரலால் அமுக்கினேன். அமுங்கவில்லை. பாகுக்குள்ளே நெல்லிக்காய்களைச் சுற்றி சின்னச் சின்னக் குமிழ்கள், ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. பாகு தேன் மாதிரி இருக்க வேண்டும். தண்ணீர் மாதிரி ஓடியது. மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று சத்தம், நுரை, அப்புறம் அந்த வாசம். எங்கள் ஊர்ப் பனங்காட்டில் வளர்ந்தவனுக்கு அந்த வாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். கள்.

நான் அளந்தது பாகை. காயை அளக்கவில்லை. காய் முழுசு. அதற்குள்ளே இருந்த தண்ணீருக்கு இன்னும் சீனி போய்ச் சேரவே இல்லை. பாட்டிலில் அடைத்த பிறகு ஒரு வாரமாக அந்தத் தண்ணீர் வெளியே கசிந்து கசிந்து, பாகை இளக்கி, இளகிய பாகு நுரைத்து இப்படி ஆகிவிட்டது. அலமாரியில் ஒரு பாட்டில். இதே மாதிரி ஆறு பாட்டில், பாயின் பெயர் எழுதிய பெட்டிக்குள்.

வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுசன். அவர் பெட்டிக்குள் நான் கள்ளை வைத்து அனுப்பியிருக்கிறேன். அந்த ஊர் ஏர்போர்ட்டில் பெட்டியை நிறுத்தினால்? கசிந்து வாசம் வந்தால்? இது என்ன என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? நெல்லிக்காய் என்பார். யார் நம்புவார்கள்? அவ்வளவு வருட வேலை. ஒன்றும் நடக்காமல் ரூமுக்கே போய்ச் சேர்ந்தால் இன்னும் மோசம். எல்லோரும் உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, ஆளுக்கொரு காயை வாயில் போடுவார்கள்.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நான் அந்தப் பாட்டிலை மூடி, சீனி மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். கார் போய்விட்டது, இனி யாருக்குத் தெரியப்போகிறது, வெயிலில் கெட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றெல்லாம் மனசு போனது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. அக்கா கூடையோடு உள்ளே வந்தாள்.

"என்னடா இது, கள்ளுக்கடை மாதிரி மணக்குது?" என்றாள் சிரித்துக்கொண்டே. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏய், என்னடா ஆச்சு?"

நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு லாத்தாவிடம் போனேன். பாட்டிலை முன்னால் வைத்து, மூடியை மட்டும் திறந்தேன். லாத்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யா அல்லாஹ். இது எது?"

"பாய் கொண்டுபோற முரப்பா, லாத்தா. அதுல எடுத்துவச்ச பாட்டில். அதெல்லாமும் இப்படித்தான் இருக்கும். நான் அவசரப்பட்டுட்டேன். போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்க."

லாத்தா கை போனை எடுத்தது. எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"வாசப்படி தாண்டின ஆளைப் பின்னாடி கூப்பிடறதா?"

"லாத்தா…"

"முன்னாடி ஒரு தடவை மூக்குக்கண்ணாடியை மறந்துட்டாருன்னு நான்தான் கூப்பிட்டேன். கேட்டுல நின்னு திரும்பி வந்து வாங்கிட்டுப் போனாரு. என்ன ஆச்சு? அங்கன போய் எறங்கினதும் கம்பெனியில சிக்கலு. திரும்பி வந்து எட்டு மாசம் வீட்ல உட்கார்ந்திருந்தாரு. திரும்பக் கூப்பிட மாட்டேன் தம்பி. என்னால முடியாது."

"போன்லதானே லாத்தா?" என்றாள் பின்னாலேயே வந்த அக்கா.

"போன் மட்டும் முன்னாடி நின்னா கூப்பிடுது?"

எனக்கு அழுகை வந்தது. எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பரீட்சைக்குப் போகும்போது பேனாவை மறந்தால்கூட அம்மா கூப்பிட மாட்டாள், குறுக்குச் சந்து வழியாக ஓடிவந்து எதிரில் நின்று தருவாள். அதை நான் சொல்லவில்லை. ஆனால் லாத்தாவுக்கும் அதே நினைப்பு வந்திருக்க வேண்டும்.

"உங்க பாய் ராமநாதபுரத்துல தங்கச்சி வீட்ல பயணம் சொல்லிட்டுத்தான் போவாரு. அவ சாப்பிடாம விட மாட்டா. நீ வண்டிய எடு. வெள்ளைக் காரு, மேல பெட்டி கட்டியிருக்கு. மதுரை ரோட்டுல போயி அவருக்கு முன்னாடி நில்லு. முன்னாடி தெரியுதா? பின்னாடி போயி ஹாரன் அடிச்சு வைக்காதே."

மீட்டர் என் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து வைக்கக்கூடத் தோன்றவில்லை. உச்சிப்புளி வரைக்கும் எப்படிப் போனேன் என்பது நினைவில் இல்லை. அதற்கப்புறம் எதிரே வந்த ஒவ்வொரு லாரியும், முன்னால் போன ஒவ்வொரு வெள்ளைக் காரும் நினைவில் இருக்கிறது. சில வெள்ளைக் கார்களின் கூரையில் பெட்டி கட்டியிருந்தது. பக்கத்தில் போய் எட்டிப் பார்ப்பேன், ராமேஸ்வரத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிற வடநாட்டுக்காரர்களாக இருப்பார்கள். ஏற்கெனவே பாய் தாண்டிப் போயிருந்தால்? தங்கச்சி வீட்டில் ஆள் இல்லாமல் இருந்தால்? ராமநாதபுரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை அணைத்துவிட்டு, முன்னால் நின்ற கார்களின் கூரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

டவுன் முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே நின்றேன். வேறு எதையும் பார்க்காமல் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் இரண்டு தடவை டீ வேண்டுமா என்று கேட்டார். பத்தே முக்காலுக்குக் கார் வந்தது. கூரையில் கயிறு சுற்றிய பெட்டி. நான் கையை விரித்துக்கொண்டு ரோட்டின் நடுவிலேயே போய் நின்றுவிட்டேன்.

பிரேக் சத்தம். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏலே, சாகணும்னா வேற வண்டி கிடைக்கலயா?"

பாய் இறங்கினார். முதல் காரியமாகத் தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். "பாஸ்போர்ட் இருக்கே. என்ன தம்பி? வீட்ல யாருக்கும் எதுவும்…?"

"இல்ல பாய். முரப்பா கெட்டுப்போச்சு."

"இதுக்கா குறுக்க விழுந்தே?" என்றார் டிரைவர்.

"சும்மா இருப்பா. கெட்டுப்போச்சுன்னா? பூசணம் பூத்திருச்சா?"

"இல்ல பாய்." அந்த வார்த்தையை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீழே பார்த்துக்கொண்டு சொன்னேன். "கள்ளு மாதிரி ஆயிருச்சு."

பெட்டியை இறக்கி, டீக்கடை பெஞ்சில் வைத்துக் கயிற்றை அறுத்தோம். கருவாட்டுப் பொட்டலத்துக்குக் கீழே ஆறு பாட்டிலும் வரிசையாக இருந்தன. ஐந்தில் மூடி புடைத்திருந்தது. ஆறாவது கசிந்து, யாரோ மகனுக்குக் கொடுத்துவிட்ட புதுக் கைலிகளை நனைத்திருந்தது. பாய் ஒரு கைலியை எடுத்து முகர்ந்தார். கீழே வைத்தார். கடையிலிருந்த தண்ணீரை வாங்கி மூன்று தடவை கையைக் கழுவினார்.

"இதோட நான் அங்கன போயி எறங்கியிருந்தா…" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

டிரைவர்தான் பேசினார். "பாய், ஒண்ணு பண்ணுவோம். இங்கனயே கடையைப் போடுவோம். ஒரு மணி நேரத்துல வித்துரும்."

பாய் லேசாகச் சிரித்தார். அப்புறம் மற்ற எட்டு பாட்டிலையும் காட்டி என்னைக் கேட்டார். "இது?"

"இது ஜாம் பாய். பழத்தைக் கூழாக்கிட்டோம். சீனி எல்லா இடத்துலயும் ஒண்ணாக் கலந்திருக்கும். எங்கன ஒரு கரண்டி எடுத்தாலும் ஒரே அளவுதான். இது மார்மலேடு. இதுலயும்…"

நின்றுவிட்டேன். மார்மலேடில் தோல் இருக்கிறது. தோலும் துண்டுதானே? துண்டுக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்தேனா? அதிலும் பாகைத்தானே அளந்தேன்?

பழைய பயம் போகாமலேயே புதுப் பயம் ஒன்று மேலே ஏறி உட்கார்ந்தது. விமானத்துக்கு நேரம் இருந்தது, ஆனால் நிறைய இல்லை. டிரைவர் கடிகாரத்தைக் காட்டினார். எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள் பாய் என்று சொன்னால் என் பயம் தீரும். அவர் ரூமுக்கு வெறுங்கையோடு போவார்.

"ஒரு நிமிசம் பாய்."

ஒரு மார்மலேடு பாட்டிலைத் திறந்தேன். அதைத் திறக்கும்போது எந்தச் சத்தமும் வரக்கூடாது என்று நான் கும்பிடாத சாமி இல்லை. மூடி 'டக்'கென்று விட்டது, அடைத்த அன்றைக்கு எப்படி விடுமோ அப்படி. நடுவிலிருந்து ஒரு நார்த்தந்தோல் கீற்றை எடுத்து, மேலே ஒட்டிய பாகைத் தாளில் துடைத்தேன். இரண்டு விரலுக்கிடையில் வைத்து நசுக்கினேன். மெல்லிசாகக் கீறி, மூன்று தண்ணீர் மாற்றி வேகவைத்த தோல் அது. வெண்ணெய் மாதிரி நசுங்கியது. பையிலிருந்த மீட்டரை எடுத்து, அந்தச் சாற்றை விட்டு, வெயிலைப் பார்த்துத் தூக்கினேன். கை நடுங்கியதில் கோடு தெரியவில்லை. பாய் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அறுபத்தாறு.

வேறொரு கீற்று எடுத்தேன். அறுபத்தாறு. அப்புறம் அதே மாதிரி கெட்டுப்போன பாட்டிலிலிருந்து ஒரு நெல்லிக்காயை எடுத்து நசுக்கி விட்டுப் பார்த்தேன். முப்பத்தொன்பது. காயை நசுக்கி இந்த ஒரு சொட்டை ஒரு வாரத்துக்கு முன்னாலேயே நான் அளந்து பார்த்திருக்க வேண்டும்.

"என்ன சொல்லுது உன் குழாய்?"

"தோலுக்குள்ளயும் சீனி போயிருக்கு பாய். மார்மலேடு கெடாது. ஜாமும் கெடாது."

"குழாய் சொல்லுதா, நீ சொல்றியா?"

மீட்டர் சொல்கிறது என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். "நான் சொல்றேன் பாய்."

அவர் அந்த மார்மலேடிலிருந்து ஒரு கீற்றை எடுத்து வாயில் போட்டு மென்றார். மூடியை இறுக்கி, அதையும் உள்ளே வைத்தார். முரப்பா இருந்த இடத்தில் செய்தித்தாளைத் திணித்தோம். "வெயிட்டு கொறஞ்சிருச்சு. பக்கத்து வீட்டுக் கருவாட்டை வேணாம்னு சொல்லிட்டு வந்தேன், இப்ப இடம் இருக்கு பாரு" என்றார். டீக்கடைக்காரர் கொடுத்த சணல் கயிற்றால் பெட்டியைத் திரும்பக் கட்டினோம். ஏறும்போது, "நான் வாரேன் தம்பி" என்றார். கார் கிளம்பியதும் என் வாய் தானாகத் திறந்தது, பாய் என்று கூப்பிட. கையால் பொத்திக்கொண்டேன்.

ஆறு பாட்டிலையும் கைலிகளையும் ஒரு சாக்கில் போட்டு வண்டியில் தொங்கவிட்டுத் திரும்பினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ளே ஏதோ புஸ்ஸென்றது. வெடித்துவிடுமோ என்று முழங்காலைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டு ஓட்டினேன். லாத்தா வாசலிலேயே நின்றார்.

"முன்னாடிதானே நின்னே?"

"முன்னாடிதான் லாத்தா."

"கிளம்பும்போது திரும்பிக் கூப்பிடலையே?"

"இல்ல."

அப்புறம்தான் முரப்பாவைப் பற்றிக் கேட்டார். பின்பக்கம் மணலில் குழி தோண்டி எல்லாவற்றையும் கொட்டினோம். அக்கா வாளி தண்ணீரோடு நின்று, "முனிக்கு இன்னைக்கு நல்ல படையல்தான்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. கைலிகளை லாத்தா தானே அலசிக் காயப்போட்டார். வேலையை விட்டு நிற்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அன்று முழுக்க என்னோடு அதைப் பற்றிப் பேசவே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. சாயங்காலம் அய்யா போன் பண்ணினார், எடுக்கவில்லை.

கெடாது என்று நான் கொடுத்த வார்த்தை அந்தப் பெட்டியோடு போய்க்கொண்டிருந்தது. மீட்டர் சொன்னது என்று இந்தத் தடவை ஒதுங்க முடியாது. மறுநாள் காலையில் போனதும் நான் செய்த முதல் காரியம், அலமாரியில் நிறுத்திவைத்திருந்த ஜாம் பாட்டிலையும் மார்மலேடு பாட்டிலையும் எடுத்து மூடியைத் தடவியது. குழிந்தே இருந்தன. திரும்ப ஒரு மணி நேரத்தில் தடவினேன்.

பத்து மணிக்கு லாத்தாவின் போனுக்குப் பாயின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. லாத்தா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். "அல்ஹம்துலில்லாஹ், வந்து சேர்ந்துட்டேன். பெட்டியத் திறக்கச் சொன்னாங்க. பார்த்தாங்க. கருவாட்டைப் பார்த்துத்தான் மூக்கைப் பொத்தினாங்க, விட்டுட்டாங்க." பின்னால் தட்டுச் சத்தம், நாலைந்து பேர் பேச்சு. யாரோ ஒருவர், "இது என்ன பாய், ஜாம்ல தோலைப் போட்டு வச்சிருக்காய்ங்க?" என்று கேட்டார். "அது ஜாம் இல்லப்பா. அதுல தோலுக்குள்ளயே சீனி போயிருக்கும். எங்க தம்பி நடுரோட்டுல நின்னு வெயில்ல அளந்து காட்டுனான்" என்று பாய் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அது முடிந்துவிட்டது.

லாத்தா இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். பிறகு, "நெல்லிக்காய்க்குச் சொல்லிவிடு" என்றார் என்னைப் பார்க்காமலே. "எதிர்வீட்டுப் பையன் அடுத்த மாசம் போறான். அவன்கிட்டக் கொடுத்துவிடலாம். எத்தனை நாளு வேணுமோ எடுத்துக்க."

இன்றைக்கு ஒன்பதாவது நாள். காலையில் பாகை அளந்தேன், அறுபத்தேழு. ஒரு காயை எடுத்துக் கொட்டை தெரிகிற வரைக்கும் நசுக்கி, அந்தச் சாற்றை அளந்தேன். ஐம்பத்தெட்டு. அக்கா அடைக்கலாமா என்று பாட்டில்களைக் கழுவி வைத்துக்கொண்டு கேட்டாள். வேண்டாம் என்றேன். "ஏன்டா, இன்னுமா பயம்?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பாகை வடித்து அடுப்பில் ஏற்றினேன்.